வேகமுள்ளை நம்பாமல் இறங்கிய நாள்

விமானம் ஓட்டப் பழகப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார்: "ஐயா, இறங்க வரேக்கை நீங்கள் என்ன ஸ்பீட் பிடிக்கிறனீங்கள்?"

"எவ்வளவு பாரம்? நேராய் வாறனோ, திரும்பிக்கொண்டு வாறனோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். கிழவன் நழுவப் பார்க்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். நான் நழுவவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு இலக்கத்தைப் பதிலாகச் சொல்லிப் பல வருடம் விமானம் ஓட்டியவன் நான். அந்த இலக்கம் என்னை இரண்டு தரம் கொல்லப் பார்த்தது. இரண்டாவது தரம் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள்.

நான் வேலை செய்தது ஒரு சின்னக் கம்பனியில். இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். இரண்டே விமானங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு என்ஜின், பயணிகளுக்கு ஒன்பது இருக்கை. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்குப் போவதும் வருவதும்தான் பிழைப்பு. ஆட்கள் இல்லாத நாளில் சாமான் ஏற்றுவோம். விமானி ஒருவர்தான். பக்கத்து இருக்கையில் பயணி இருப்பார், அல்லது ஒருவரும் இருக்கமாட்டார்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மூத்த கப்டன். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. இப்போது உயிரோடு இருந்திருந்தால் அதை விரும்பியிருக்க மாட்டார். அவரிடம் ஒரே பாடம்தான் இருந்தது. "வேகம் கையிலை இருந்தால் உயிர் கையிலை இருக்கு." கருவிப் பலகையில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்: இறங்க வரும்போது வேகம் எண்பத்தைந்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு வேதவசனத்தை மனனம் செய்வது பழக்கம். எண்பத்தைந்தையும் அப்படியே மனனம் செய்தேன். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே இருந்தது. அதனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காங்கேசன்துறைக்குப் போகவேண்டிய இரண்டு இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். இறாத்தலும் கிலோவும் கலந்து கிடந்த காலம் அது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் இருநூற்றைம்பது என்று அச்சடித்திருந்தது. அனுப்பிய முகவரின் ஆள் அதை இறாத்தல் என்று சீட்டில் எழுதிவிட்டார். உண்மையில் அது கிலோ, இறாத்தலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நாலு பேர் சீட்டில்லாமல் ஒளித்து ஏறியது போன்ற பாரம் எனக்குத் தெரியாமல் பின்னால் இருந்தது. தெரியாமல் என்று நான் சொன்னாலும், அந்தப் பெட்டியைத் தூக்கியவர்களின் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை.

பலாலியில் பக்கக் காற்று என்னை ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டித் தள்ளியது. திரும்பவும் கோட்டுக்கு வருவதற்காக விமானத்தை நன்றாகச் சரித்து, கட்டுப்பாட்டுப் பிடியை என் பக்கம் இழுத்து, இறுக்கித் திருப்பினேன். வேகமுள் எண்பத்தைந்தில் அசையாமல் நின்றது. அப்போது எச்சரிக்கை ஹோர்ன் ஊதத் தொடங்கியது. இறக்கை காற்றைக் கைவிடப்போகிறது என்றால்தான் அது ஊதும். நான் முள்ளைப் பார்த்தேன். எண்பத்தைந்து. "ஹோர்ன் பழுதாப் போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, விமானம் உதறியது. இடது இறக்கை கீழே விழுந்தது.

யன்னல் முழுக்க வசாவிளான் தோட்டத்துச் செம்மண் தெரிந்தது. வெங்காயப் பாத்திக்குள் நின்ற ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவதைக் கண்டேன். பிடியை முன்னால் தள்ளி, என்ஜின்களை முழுக்கத் திறந்து, இறக்கையை நேராக்கினேன். பனை வட்டுகளுக்கு மேலே எவ்வளவு உயரம் மிஞ்சியிருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இறங்கி நின்றபின் பழுதுப் புத்தகத்தில் எழுதினேன்: "ஹோர்ன் பிழை. சரியான வேகத்தில் ஊதியது."

பலாலியில் எங்கள் மெக்கானிக்காக இருந்தவர் நடேசு. மயிலிட்டிக்காரர், என் வயதுதான். அவருடைய தகப்பன் பாய்க்கப்பலில் போனவர். நடேசு அந்த ஹோர்னைக் கழற்றி, பூட்டி, இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் அதன் சின்னத் தகட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு பெட்டிகளைத் தராசில் ஏற்றினார். பின்னேரம் என்னிடம் வந்தார்.

"ஹோர்னிலை ஒரு பிழையும் இல்லை."

"நான் எண்பத்தைஞ்சிலை வந்தனான், நடேசு. முள்ளைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"முள்ளிலையும் பிழை இல்லை. அது வேகத்தைச் சொன்னது. ஹோர்ன் சொன்னது வேறை விசயம்." கையைக் கிடையாகப் பிடித்து, விரல்களை மெல்ல மேலே சரித்துக் காட்டினார். "இறக்கை காத்துக்கு முகம் குடுக்கிற கோணம். என்ரை ஐயா பாயிலை போகேக்கை காத்து எவ்வளவு வேகம் எண்டு அளந்ததில்லை. எந்தக் கோணத்திலை பாயிலை படுது எண்டுதான் பாத்தவர். கோணம் பிழைச்சால் எவ்வளவு காத்து அடிச்சும் பாய் இழுக்காது. படபடக்கும், அவ்வளவுதான்."

பயிற்சிப் புத்தகத்தில் தாக்குகோணம் என்ற சொல்லை நானும் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். இறக்கை காற்றைக் கைவிடுவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அல்ல. பாரம் கூடினால் அதே வேகத்தில் இறக்கை இன்னும் நிமிர்ந்து நின்றுதான் சுமக்கவேண்டும். சரிந்து இறுக்கித் திரும்பினாலும் அப்படித்தான். அன்று நான் இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தேன். அட்டையில் இருந்த எண்பத்தைந்து, சரியான பாரத்தோடு நேராக வருகிற ஒருவனுக்கு எழுதியது. அன்று நான் அந்த ஆள் இல்லை.

"அப்ப கோணத்தைக் காட்டுற முள் ஒண்டு எங்களிட்டை இல்லையே?" என்றேன்.

நடேசு அடுத்த நாள் காலை சிவப்புக் கம்பளி நூலோடு வந்தார். விமானி இருக்கைக்குப் பக்கத்து யன்னலின் வெளிப்புறத்தில், சாண் நீளத் துண்டு ஒன்றின் முன்நுனியைப் பிளாஸ்டரால் ஒட்டினார். மற்ற நுனி காற்றில் பின்னால் நீண்டு கிடக்கும். விமானம் மூக்கை நிமிர்த்த நிமிர்த்த அந்த நுனி மேலே ஏறும். வலதுபக்க யன்னலிலும் அப்படியே ஒன்று ஒட்டினார்.

ஆட்கள் இல்லாத காலைகளில் நாங்கள் இருவரும் கீரிமலைக்கு அப்பால் கடலுக்கு மேலே போய், மூவாயிரம் அடி உயரத்தில் பறந்து சோதித்தோம். வெறும் விமானமாக ஒரு நாள். மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள். நேராக, பிறகு சரிந்து. ஹோர்ன் ஊதும் வரைக்கும் வேகத்தைக் குறைப்பேன். ஊதியதும் நடேசு மெழுகுப் பென்சிலால் கண்ணாடியில் நூலின் நுனிக்கு நேரே கோடு போடுவார். முள் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இலக்கத்தில் நின்றது. வெறும் விமானத்தில் ஒன்று, பாரத்தோடு ஒன்று, சரிந்து திரும்பும்போது இவ்விரண்டையும்விட எவ்வளவோ கூட. நூல் ஒவ்வொரு தரமும் ஒரே கோட்டுக்கே வந்தது. என்ஜினைக் கூட்டினால் அது சற்று ஏமாற்றும். அதற்கும் நடேசு பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

முடிவில் இரண்டு யன்னலிலும் மூன்று மூன்று கோடுகள். கீழ்க்கோடு வேகமாகப் பறக்கும்போது. நடுக்கோடு இறங்க வரும்போது. மேல்கோட்டில் ஹோர்ன் ஊதும். அதற்குப் பிறகு நான் இறங்கும்போது ஒரு கண் முள்ளிலும் ஒரு கண் நூலிலும் இருக்கும். நூல் நடுக்கோட்டில் நின்றால் முள் எண்பத்திரண்டோ தொண்ணூறோ, பாரத்துக்கு ஏற்றபடி தானாகவே சரியான இடத்தில் நிற்கும்.

சில வருடம் கழிந்து ஒரு மாரிகாலம். என்னைப் பரிசோதிப்பதற்காக மூத்த கப்டன் வந்திருந்தார். போகும்போதும் வரும்போதும் வலது இருக்கையில் இருந்து நான் ஓட்டுவதைப் பார்ப்பார். காலையில் பலாலியில் விமானத்தைச் சுற்றி வந்தவர் என் பக்கத்து யன்னலில் நின்றார்.

"உதென்ன?"

சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு அட்டையைக் காட்டினார். "நான் பழக்கின ஆள் நீர். எட்டுச் சீவனைப் பின்னாலை வைச்சுக்கொண்டு நூல் துண்டைப் பாத்தே பிளேன் இறக்கிறீர்?" நடேசுவின் பக்கம் திரும்பி, "உந்த நூலைக் கழட்டும்" என்றார்.

நடேசு என் யன்னலில் இருந்த நூலை உரித்தெடுத்தார். வலப்பக்க யன்னலில் இருந்ததைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

இரத்மலானையில் நாங்கள் இறங்கியபோது நல்ல வெயில். அரை மணித்தியாலத்தில் திரும்புவது என்று ஏற்பாடு. இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வேகமுள் அதன் வாயால்தான் மூச்சு எடுக்கிறது. நிறுத்தியவுடன் அதற்குச் சிவப்புத் துணி மூடியைப் போடவேண்டும். அரை மணித்தியாலம்தானே என்று நான் போடவில்லை. பிறகு வானம் கறுத்தது. மழை நாலு மணித்தியாலம் எங்களை அங்கேயே வைத்திருந்தது. புறப்படும்போதும் தூறல் விடவில்லை. குடைக்குள் நின்றபடி குழாயைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பொய். அந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

ஓடுபாதையில் முள் ஒழுங்காக ஏறியது. வழி முழுக்க ஒரு குறையும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு மேலே முகில் தாழ்ந்து கிடந்தது. இரண்டாயிரம் அடிக்கு இறங்கி, கீரிமலைக்கு அப்பால் கடலுக்குப் போய், அங்கிருந்து வட்டமாகத் திரும்பித் தென்மேற்கிலிருந்து வாடைக்காற்றுக்கு எதிராக இறங்குவது என் எண்ணம். கடலுக்கு மேலே மட்டமாகப் போகும்போது என்ஜினைக் குறைத்தேன். முள் நூற்றிருபதில் இருந்தது. குறைத்தபிறகும் நூற்றிருபதிலேயே இருந்தது. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சக்கரங்களை இறக்கி, உயரத்தைக் குறைக்கத் தொடங்கினேன். முள் இறங்கியது. நூற்றுப்பத்து. தொண்ணூற்றைந்து. எண்பது.

"வேகம்!" என்றார் கப்டன். "வேகம் போகுது. மூக்கை இறக்கும்!"

இறக்கினேன். அவர் பழக்கிய கை அது. அவர் குரல் கேட்டவுடன் தானாகவே தள்ளியது. முள் எழுபதுக்கு வந்தது.

"இன்னும் இறக்கும்! விழப்போறம்!"

தன் பக்கத்துப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து அவரும் தள்ளினார். முகிலுக்குக் கீழே வந்துவிட்டோம். முன்கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறக் கடல். அலையின் தலையில் நுரையை எண்ணலாம்போல் இருந்தது. முள் ஐம்பத்தைந்து. பின்னால் யாரோ கத்தினார்கள்.

அந்த விமானம் ஐம்பத்தைந்தில் பறக்காது, கல்லுப்போல விழும். ஆனால் ஹோர்ன் ஊதவில்லை. விமானம் உதறவில்லை. வெளியே காற்றின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. பிடி இரும்புபோல் இறுகியிருந்தது. எனக்கு வந்தது ஒரே ஒரு யோசனைதான்: மூக்கை இறக்க இறக்க வேகம் குறைகிற விமானம் உலகத்தில் இல்லை.

"கையை எடுங்கோ, சேர்!"

அவர் எடுக்கவில்லை.

"முள் பொய் சொல்லுது! ஹோர்ன் ஊதேல்லை, கேளுங்கோ! எடுங்கோ கையை!"

பத்து வருடத்துக்கு மேலாக அந்த மனிதரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிடியை விட்டார். இரண்டு கையாலும் இழுத்தேன். கனத்த விமானம் மெல்ல மெல்லத்தான் மூக்கை நிமிர்த்தியது. மட்டமானபோது உயரமானி முந்நூறு அடி காட்டியது. வேகமுள் பூச்சியத்தில் கிடந்தது. கப்டனுக்கு முன்னால் இருந்த முள்ளும் பூச்சியம்தான். இரண்டும் ஒரே குழாயில் மூச்சு எடுப்பவை. ஒருவர் சொன்னதை இரண்டு பேர் சாட்சி சொல்வதுபோல.

அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே பழைய காற்று சிறைப்பட்டுவிடும். பிறகு அந்த முள்ளுக்கு வேகத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. உயரம் குறைந்தால் அதுவும் இறங்கும், ஏறினால் ஏறும். மூக்கை இறக்கி அதைக் காப்பாற்றப் போகிறவன் நேரே தண்ணீருக்குள் போவான். இதையெல்லாம் இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது, வேகம் தெரியாது என்பது மட்டும்தான்.

ஆயிரம் அடிக்கு ஏறினேன். தெற்கே திரும்பிப் போக எரிபொருள் இருந்தது. ஆனால் அங்கேயும் மழை, அங்கேயும் இதே முள்ளோடுதான் இறங்கவேண்டும். இங்கே எதிர்க்காற்றாவது நேராக இருந்தது. இறங்குவது என்று முடிவெடுத்தேன். ஆனால் உடனே இல்லை.

"சேர், உங்கடை யன்னலிலை ஒரு நூல் கிடக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கிடக்கு."

"மூண்டு கோடு இருக்கு. நூலின்ரை நுனி எந்தக் கோட்டிலை நிக்குது?"

"மழையிலை ஒண்டும் விளங்கேல்லை." லேஞ்சித் துணியை எடுத்துக் கண்ணாடியின் உட்புற ஆவியைத் துடைத்தார். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலை."

"அப்ப நாங்கள் வேகமாய்த்தான் போறம். நடுக்கோட்டுக்கு வரவேணும். நான் மெல்லக் குறைக்கிறன். வந்தவுடனை சொல்லுங்கோ."

கடலுக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டேன். மூன்று நாலு நிமிடம் பிடித்திருக்கும். அந்த நேரத்தை வீணென்று நினைக்காதீர்கள். அன்று நான் செய்தவற்றில் மிகச் சரியானது அதுதான். என்ஜினைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தேன்.

"ஏறுது… ஏறுது… நடு."

அந்த இடத்தில் என்ஜின் எவ்வளவு, மூக்கு தொடுவானத்துக்கு எங்கே, பிடி கையில் எவ்வளவு இலேசு என்று மூன்றையும் மனதில் பதித்தேன். பிறகு கரைப்பக்கம் திரும்பினேன். முந்தி ஒருதரம் சாகப் பார்த்த அதே திருப்பத்தை இம்முறை அகலமாக, அதிகம் சரிக்காமல் எடுத்தேன்.

"கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டு வாங்கோ, சேர்."

"நடு."

தோட்டங்களுக்கு மேலே வந்தோம். மழை கண்ணாடியில் அறைந்தது.

"நடு… மேலை போகுது!"

"எவ்வளவு?"

"அரை விரல்."

மூக்கைக் கொஞ்சம் விட்டு, என்ஜினைக் கொஞ்சம் கூட்டினேன். "இப்ப?"

"நடு." கண்ணாடியை இன்னொருதரம் துடைத்தார். "நடு. நடுவிலைதான் நிக்குது. வாரும். நடு."

மழைக்குள்ளிருந்து ஓடுபாதை வந்தது. எனக்கு முன்னால் முள் பூச்சியத்தில் கிடந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் ஹோர்ன் மெல்ல ஊதியது. ஊதவேண்டிய இடத்தில் ஊதியது. பிறகு ஈரத் தரையில் சக்கரம் இரையும் சத்தம்.

பயணிகள் இறங்கிப் போனார்கள். ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாக என்னை ஏசிவிட்டுப் போனார். கப்டன் இருக்கையை விட்டு எழும்பவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றியபடி இருந்தார்.

நடேசு மழைக்குள் வந்து காற்றுக்குழாயில் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தார். உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். குளவி வைத்த மண். அதற்குள் அது தன் குஞ்சுக்கு வைத்த ஒரு பச்சைப் புழு. வெயில் எறித்த அந்த அரை மணித்தியாலத்தில் வைத்திருக்கும். மழையில் ஊறி, வழியில் உள்ளே நகர்ந்து, பலாலிக்குக் கிட்ட வந்தபோது குழாயை முழுக்க அடைத்திருக்கிறது.

"அங்கை மூடி போட்டனீங்களோ?" என்று நடேசு கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஒரு மெக்கானிக் கேட்கவேண்டிய கேள்வி.

கப்டன் என்னைப் பார்த்தார். மூடியைப் போட்டேன், காற்றில் கழன்றுவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க முடியாது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"போடேல்லை" என்றேன்.

அறிக்கையை அலுவலகத்தில் இருந்து எழுதினேன். மூடியைப் போடாததை எழுதினேன். முள் நகராமல் நின்றதைக் கவனிக்காமல் விட்டதை எழுதினேன். கப்டன் வாங்கி வாசித்தார்.

"நான் மூக்கை அமத்தினதை நீர் எழுதேல்லை."

"அது…"

"பேனையைத் தாரும்." என் எழுத்துக்குக் கீழே தன் கையால் எழுதினார். எழுதியபின் கேட்டார்: "நூலைப் பற்றியும் ஒண்டும் இல்லையே?"

"எழுதினால் நடேசுவின்ரை வேலை போகும், சேர். அனுமதி இல்லாமல் ஒட்டினது."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் காலமை ஒண்டைக் கழட்டச் சொன்னனான். மற்றது என்ரை பக்கத்திலேயே கிடந்தும் காணேல்லை. பிளேனைச் சுத்திப் பாத்தனான் எண்டு கையெழுத்தும் வைச்சனான். காணாதது என்ரை பிழை. காணாமல் விட்டதாலை எட்டுச் சனம் வீட்டை போச்சினம். ரெண்டையும் எழுதுறன். வாசிக்கிறவை யோசிக்கட்டும்."

வாசித்தவர்கள் யோசித்தார்களோ தெரியாது. நடேசுவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. நூல் ஒட்டக்கூடாது என்று கட்டளை வந்தது. கோணத்தைக் காட்டும் கருவி ஒன்று வாங்கித் தரும்படி நான் மூன்று தரம் எழுதினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெறும் வரைக்கும் பதில் வரவில்லை. கப்டன் பரிசோதகர் பொறுப்பு வேண்டாம் என்று தானே கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகும் விமானம் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "முள்ளை நம்பினதிலை பிழை இல்லை. ஹோர்ன் ஊதாமல் இருந்ததை நான் கேக்கேல்லை பாரும், அதுதான் பிழை."

உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரு கருவி உங்களைப் பயமுறுத்தும்போது, மற்றவை என்ன சொல்கின்றன என்று ஒரு மூச்சு நேரமாவது கேளுங்கள். காற்றின் சத்தம், பிடியின் பாரம், மூக்கு நிற்கும் இடம், ஹோர்னின் மௌனம், எல்லாம் இறக்கையின் கோணத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. உயிரோடு இருப்பதும் விழுவதும் அந்தக் கோணத்தில்தான்.

அந்த அறிக்கைக்குப் பிறகு என்னை இரண்டு மாதம் விமானத்தில் ஏறவிடவில்லை. பலாலியில் சீட்டு எழுதும் மேசையில் இருத்தினார்கள். இரண்டாம் கிழமை ஒரு வயதான அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீர்தானே அண்டைக்கு மழைக்குள்ளை ஓட்டிக்கொண்டு வந்தது?"

"ஓம், அம்மா."

"நான் கடைசிச் சீட்டிலை இருந்தனான். கடல் கிட்ட வர, கண்ணை மூடிச் செபம் சொன்னனான்." குடையை மேசையில் சாய்த்து வைத்தார். "இஞ்சை திருநெல்வேலியிலை மகளிட்டை வந்தனான். கொழும்புக்குத் திரும்பவேணும். நீர் எண்டைக்கு ஓட்டுறீர்?"

"நான் இப்ப ஓட்டுறேல்லை, அம்மா. இன்னும் ஆறு கிழமை செல்லும்."

"ஏன், சுகமில்லையோ?"

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"அண்டைக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம், அம்மா. போடவேண்டிய மூடி ஒண்டைப் போடாமல் விட்டிட்டன். அதுக்குத் தண்டனை."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் கனைத்தார்.

"உதை ஆர் கண்டுபிடிச்சது?"

"ஒருத்தரும் இல்லை. கேட்டினம், சொன்னனான்."

"ம்." குடையை எடுத்து மணிக்கட்டில் கொழுவிக்கொண்டார். "மகளும் கொஞ்ச நாள் நில்லுங்கோ எண்டுதான் கேக்கிறாள். ஆறு கிழமை எண்டால் எத்தினையாம் திகதி வருது?"

நான் கலண்டரைப் புரட்டிச் சொன்னேன்.

"நீர் ஓட்டுற முதல் நாளுக்கே எனக்குப் போடும்" என்றார்.